இடுகுறியும் காரணமும்: ஒரு கந்தக வாயுவின் பெயர்

பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துவர் நம் இலக்கண நூலார். மரம் என்பது இடுகுறி. அது பொய்த்தற்கு இடமில்லை. பறவை என்பது காரணப்பெயர். காரணம் பொய்ப்பின் பெயரும் பொய்யாம். இரசாயன நூலார் கூட்டுப்பொருள்களுக்கு இடும் பெயர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையின. ஆதலின் அவற்றிற் புகும் பிழை சிறுபிழையன்று என்பது எம் கருத்து.

1933ஆம் ஆண்டில் ஷெங்க் என்பார், கந்தக ஆவியும் கந்தக டை ஆக்சைடும் கலந்த கலவையினூடே குறைந்த அழுத்தத்தில் மின்சாரம் பாய்ச்சிப் புதிய வாயுவொன்றைப் பெற்றார். தூய கண்ணாடிக் கலத்திற் சில மில்லிமீட்டர் இரச அழுத்தத்தில் அது மணிக்கணக்காய் நிலைத்தது. அழுத்தம் 30 மில்லிமீட்டரை அணுகவே சிதைந்தது. கந்தகவணு ஒன்றும் பிராணவாயுவணு ஒன்றும் கூடியதெனக் கருதி, அதனைக் கந்தக மோனாக்சைடு என்றார் அவர். இருபதாண்டுக்கு மேலும் அப்பெயரே வழங்கிற்று. 1956இல் மெஸ்கி, மையர்ஸ் என்னும் இருவர் உண்மையை நிறுவினர்: அவ்வாயுவின் தலைமைக் கூறு கந்தகவணு இரண்டும் பிராணவாயுவணு ஒன்றும் கூடியது, அதனுடன் டை ஆக்சைடும் கலந்திருந்தது. அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக. இவ்விரண்டன் மூலக்கூறுகளும் ஒவ்வொன்று சேரின் கந்தகம் மூன்று, பிராணவாயு மூன்று. மொத்தமாய் அளப்பார்க்கு ஒன்றுக்கு ஒன்றென்னும் விகிதமே தோன்றும்! கலவை தனிப்பொருளாய் வேடம் புனையவல்லது.

ஷெங்கை இகழ்தல் எம் நோக்கமன்று. வாயுவைக் கண்டவர் அவரே. ஆயினும் அப்பெயர்க்கு உரிய பொருள் வேறுண்டு. மெய்யான மோனாக்சைடு ஆய்வுக்கலத்தில் நொடியின் சிறுகூறே தங்குவது. விண்மீன்களிடையுள்ள வாயு முகிலில் அதனை 1973இலும், வியாழனின் துணைக்கோளாகிய அயோவின் வளிமண்டலத்தில் 1996இலும் கண்டனர்.

இனி நம் மொழிக்கு வருவாம். எண்ணை விடுத்துக் 'கந்தக ஆக்சைடு' எனப் பொதுப்பட எழுதின் நாவிற்கு எளிதென்பார் உளர். யாம் உடன்படோம். டை ஆக்சைடு மூச்சை அடைக்கும் வாயு. அதனினும் ஒரு பிராணவாயுவணு மிக்கதோ நீரிற் கூடிக் கந்தக அமிலமாவது. இரண்டற்கும் ஒரு பெயர் போதுமோ? எண்ணுப்பெயர் குறுகி முன்னின்று புணர்தல் தமிழுக்குப் புதிதன்று. ஓராக்சைடு, ஈராக்சைடு, மூவாக்சைடு என்பன நாவிற்குத் தடையாகுமென யாம் எண்ணவில்லை. ஷெங்கின் வாயுவை இருகந்தக ஓராக்சைடு என எழுதுக.