மலிவு விடுமுறை - யாருக்கு மலிவு?

துருக்கியின் தெற்குக் கரையில், மத்தியதரைக்கடலை ஒட்டி இருக்கும் ஊர் அலன்யா. ஆன்டால்யா மாகாணத்தைச் சேர்ந்தது. கோடை வந்துவிட்டால் போதும், ஜெர்மனி, ரஷ்யா, நெதர்லாந்து, ஸ்கான்டிநேவிய நாடுகள் என்று பல பக்கங்களில் இருந்தும் விமானம் விமானமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். காரணம் ரொம்ப எளிது. வெயில், கடல், குறைந்த செலவு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் யார் தான் விடுவார்கள்?

ஆனால் அப்படி வந்து இறங்குகிறவர்களில் பலர் அலன்யாவைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள் என்பது தான் வேடிக்கை.

இதற்குக் காரணம் 'ஹெர் ஷெய் தாஹில்' என்கிற முறை. துருக்கி மொழியில் 'எல்லாம் உட்பட' என்று அர்த்தம். விமான டிக்கெட், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குளிர்பானம், மது, நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் கிளம்பும் முன்பே ஒரே தொகையாகக் கட்டிவிட வேண்டும். விடுதிக்குள் நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு பர்ஸுக்கு வேலையே இல்லை. 1990-களில் துருக்கிக் கடற்கரையில் பரவிய இந்த முறை இன்று அந்த வட்டாரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அலன்யாவுக்கு மேற்கே கொனக்லி, ஒகுர்ஜலர் பக்கம் போனால் நெடுஞ்சாலை ஓரம் முழுக்க இப்படிப்பட்ட விடுதிகள் தான்.

இதில் என்ன தப்பு? எதுவும் இல்லை என்று தான் முதலில் தோன்றும். இரண்டு குழந்தைகளோடு வருகிற ஒரு குடும்பத்துக்கு மொத்தச் செலவு முன்கூட்டியே தெரிவது பெரிய நிம்மதி. குழந்தை நாலாவது ஐஸ்கிரீம் கேட்டாலும் அப்பாவுக்குக் கோபம் வராது! வருடம் முழுக்க உழைத்துவிட்டு ஒரு வாரம் கணக்குப் பார்க்காமல் இருக்க ஆசைப்படுகிறவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டியவர் வெளியே போய் ஒரு டீ குடித்தால் கூட அது நஷ்டம் என்று நினைக்கிறார். உள்ளே சும்மா கிடைப்பதை வெளியே ஏன் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும்? ஆக, பட்டை கட்டிய கை கடைத்தெருப் பக்கம் வருவதே இல்லை. விடுதி நிரம்பி வழியும் போதும் ஊருக்குள் இருக்கிற சின்ன உணவகக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது தான்.

சரி, விடுதிக்காரராவது நன்றாகச் சம்பாதிக்கிறாரா? கட்டிய தொகை முழுவதும் அவருக்குப் போவதில்லை. விமான நிறுவனத்துக்கும், வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனத்துக்கும் போன பிறகு மிச்சம் தான் அவருக்கு. அதுவும் விருந்தினர் ஊர் திரும்பிப் பல வாரங்கள் கழித்தே பல நேரம் கைக்கு வரும். 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் திவாலான போது இது உலகத்துக்கே தெரிந்தது. 1841-ல் தொடங்கிய நிறுவனம் ஒரே இரவில் மூடப்பட்டது. பயணிகளை அரசு விமானம் வைத்துக் கூட்டிப் போனது. கோடை முழுக்க அறையும் சாப்பாடும் கொடுத்த துருக்கி விடுதிகள் பல, வர வேண்டிய பணத்துக்காகக் காத்துக் கிடந்தன.

அறைவாடகையை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் குறைவை யாராவது சுமந்து தானே ஆக வேண்டும்? கடைசியில் அது அறையைக் கூட்டுகிறவர், தட்டுக் கழுவுகிறவர் தலையில் இறங்குகிறது. 2025-ல் துருக்கியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 22,104 லிரா. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அது 600 டாலருக்குச் சற்று அதிகம், அவ்வளவு தான். குளிர்காலத்தில் பல விடுதிகள் மூடிவிடுவதால் இந்த வேலையும் பலருக்கு ஆறேழு மாதம் தான். மலிவு விடுமுறை என்பதில் 'மலிவு' யாருடைய உழைப்பு என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு இழப்பும் இருக்கிறது. அது வருகிறவருக்கே நேரும் இழப்பு. அலன்யா வெறும் நீச்சல் குளம் அல்ல. 1221-ல் செல்ஜுக் சுல்தான் அலாவுதீன் கைகுபாத் பிடித்து, தன் பெயரைக் கொடுத்த ஊர். 1226-ல் அவர் கட்டிய எட்டுப் பக்கம் கொண்ட சிவப்புக் கோபுரம், 33 மீட்டர் உயரத்தோடு துறைமுகத்தில் இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே கடல் நீர் உள்ளே வரும் ஐந்து வளைவுகளோடு அவர் காலத்துக் கப்பல் கட்டும் தளம். மேலே மலை முழுக்கக் கோட்டைச் சுவர், 6 கிலோமீட்டருக்கும் மேல். 1948-ல் துறைமுக வேலைக்குக் கல் உடைக்கும் போது தற்செயலாக வெளிப்பட்ட டம்லதாஷ் குகை, க்ளியோபாட்ரா கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் அதன் ஈரக் காற்றைத் தேடி வந்து உட்காருவது வழக்கம். இவ்வளவையும் விட்டுவிட்டு பஃபே வரிசையில் நிற்பதற்கு அலன்யா எதற்கு?

அப்படியானால் குறைந்த பணத்தில் போகிறவர் என்ன செய்யலாம்? ஊருக்குள்ளேயே தங்கலாம். 'பான்சியோன்' என்று சொல்லப்படும் குடும்பத்தார் நடத்தும் சின்ன விடுதிகள் உண்டு. சாப்பாட்டுக்கு 'எஸ்னாஃப் லோகன்டா'. கடைக்காரர்களும் தொழிலாளிகளும் மத்தியானம் சாப்பிடுகிற இடம். பருப்பு சூப், கத்தரிக்காய், சோறு என்று பெரிய பாத்திரங்களில் வைத்திருப்பார்கள், பார்த்துக் கை காட்டினால் போதும். கடலைப் பார்த்தபடி இருக்கிற பல மொழி மெனு உணவகங்களை விட அங்கே செலவு குறைவு. பழத்துக்கு வாரச்சந்தை. அலன்யாவின் சின்ன வாழைப்பழம் துருக்கி முழுக்கப் பேர் பெற்றது.

போக்குவரத்துக்கு 'டொல்முஷ்' எனப்படும் சிறு வேன். 'நிரம்பியது' என்று அர்த்தம், பெயருக்கு ஏற்றபடி நிரம்பித் தான் ஓடும்! கடலுக்கோ காசே வேண்டாம். துருக்கியின் 1990-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டப்படி கடற்கரை எல்லோருக்கும் பொது. சாய்வு நாற்காலிக்கும் குடைக்கும் தான் வாடகை. ஒரு துண்டை விரித்துப் படுப்பவரை யாரும் எழுப்ப முடியாது.

ஆனால் இதையும் மறைக்காமல் சொல்லத் தான் வேண்டும். துருக்கி இன்று பழைய மலிவு நாடு இல்லை. 2018 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 4 லிராவுக்கும் குறைவு, 2025 தொடக்கத்தில் 35-க்கும் மேல். லிரா விழுந்தால் வெளிநாட்டவருக்கு லாபம் தானே என்று தோன்றும். விலைவாசி சும்மா இருக்கவில்லை. 2022 அக்டோபரில் அரசுக் கணக்கின்படியே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கடுத்த ஆண்டுகளில் லிரா விழுந்த வேகத்தை விட விலை ஏறிய வேகம் அதிகம். அதனால் யூரோ வைத்திருப்பவருக்கும் வெளியில் சாப்பிடுவது இப்போது உறைக்கிறது. கணக்கு மட்டும் பார்த்தால் சில நேரம் பட்டை கட்டிய விடுதியே மலிவாகவும் இருக்கலாம்.

அதற்கும் வழி இல்லாமல் இல்லை. ஜூலை, ஆகஸ்ட்டை விட்டுவிட்டு மே மாதமோ அக்டோபரோ போனால் அறைவாடகை கணிசமாகக் குறையும். அக்டோபரில் கடல் நீர் குளிக்கிற அளவுக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும், கோட்டை ஏறுவதற்கு வெயிலும் தாங்கும். பட்டை கட்டித் தான் ஆக வேண்டும் என்கிற குடும்பமும் ஏழு நாளில் இரண்டு நாளாவது மத்தியானச் சாப்பாட்டை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம். காலை உணவு மட்டும் தருகிற விடுதியாகத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

சிக்கனம் என்பது குறைவாகச் செலவழிப்பது மட்டும் இல்லை, செலவழிக்கிற காசு யாரிடம் போய்ச் சேருகிறது என்று தெரிந்து செலவழிப்பதும் தான். லோகன்டாவில் கொடுக்கிற காசு அன்று சாயங்காலமே பக்கத்துக் காய்கறிக் கடைக்குப் போகும். பட்டைக்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு விமானம் கிளம்பும் முன்பே வேறு கைக்குப் போய்விடுகிறது.

அலன்யா போகிறவர் அலன்யாவையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வரட்டுமே... எண்ணூறு வருடமாக அந்தக் கோபுரம் துறைமுகத்தில் நின்றுகொண்டிருக்கிறது. விடுதி வாசலில் இருந்து ஒரு டொல்முஷ் தூரம் தான்!