காவல் நிலையத்தில் ஒரு திருடன்

காசநோய்க்கு மாத்திரை உண்போர் சிலர், இருமல் நின்றதும் மருந்தை விட்டுவிடுகின்றனர். ‘படிப்பறிவில்லாதவர்கள்’ என்று அவர்களை ஏசுவது எனக்கு உடன்பாடன்று. என் தந்தையாரும் அப்படி விட்டு, மறுபடி படுத்தவர்தாம். ஆறு மாதம் எதற்கென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கே இவ்வாண்டுதான் விளங்கிற்று.

நுரையீரலில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் அணு, கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. லைசோசோம் என்ற செரிப்புப் பை அதனுடன் இணைந்தால் கிருமி மடியும். 1882இல் ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்த காசக் கிருமியோ, அவ்விணைப்பையே தடுத்துவிடுகிறது! பைக்குள் அமிலம் ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது. காவல் நிலையத்திலேயே குடித்தனம் நடத்தும் திருடனை எங்கேனும் கண்டதுண்டா? பிராணவாயு குறைந்தால் பெருகாமல் உறங்கிக் கிடக்கும். பெருகும் கிருமியை எளிதில் கொல்லும் மருந்துகள் பல, உறங்கும் கிருமியிடம் திணறுகின்றன. இருமல் நின்ற பின்னும் இவை எஞ்சியிருக்கும். அவற்றுக்காகவே அத்தனை மாதங்கள்.

வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான். அதே ஊர்த் தமிழில் இக்கதையையும் மாத்திரையோடு சேர்த்துச் சொல்லித் தர வேண்டும் என்பேன்.

விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனா?” என்றார்.