கண்ணும் வாயும் சேர்ந்து காயும்போது

கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்தல். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து தண்ணீர் குடித்தால்தான் அண்ணத்தில் ஒட்டிய நாக்கு பிரிகிறது. சப்பாத்தியோ பொரியோ, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. வெங்காயம் நறுக்கினால்கூடக் கண் கலங்குவதில்லை. காலையில் விரல்களை மடக்க முடியாமல் வலி. பகல் முழுக்க அடித்துப் போட்டாற்போல் அசதி. நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் பலர் இவற்றை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். கேட்டால் "உடம்புச் சூடு" என்பார்கள். "வயசாகுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் சொல்வார்கள். எண்ணெய்க் குளியலும் இளநீரும் மோருமாகச் சில மாதங்கள் ஓடும்.

அதன் பிறகு மருத்துவம் தொடங்கும். கண் உறுத்தலுக்குக் கண் மருத்துவர், அடுத்தடுத்துச் சொத்தையாகும் பற்களுக்குப் பல் மருத்துவர், விரல் வலிக்கு எலும்பு மருத்துவர், அசதிக்குச் சத்து மாத்திரை. ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகவே செய்திருப்பார்கள். ஆனால் இந்தத் தொல்லைகள் அனைத்தும் ஒரே நோயிலிருந்து கிளம்பியவையாக இருக்கக்கூடும் என்பது, எல்லாவற்றையும் யாராவது ஒருவர் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். அந்த நோய்க்கு ஷோக்ரன் நோய் என்று பெயர். ஜோக்ரன் என்றும் சிலர் உச்சரிப்பார்கள்.

நம் உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், உடலின் சொந்தத் திசுக்களையே அயலாகக் கருதித் தாக்கும் நோய்களைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்கிறோம். முடக்குவாதம், லூபஸ் ஆகியவை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஷோக்ரன் நோயும் அப்படித்தான். இதில் முதல் அடி விழுவது கண்ணீர்ச் சுரப்பிகளிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும். லிம்போசைட் எனப்படும் வெள்ளை அணுக்கள் இந்தச் சுரப்பிகளின் நுண்குழாய்களைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகக் குடியேறுகின்றன. சுரப்பி நாளடைவில் செயல் குன்றுகிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறவேண்டிய உமிழ்நீர் வற்றுகிறது. பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். இது தொற்றுநோய் அல்ல. தின்ற உணவாலோ வெயிலாலோ வருவதும் அல்ல.

நோய்க்குப் பெயர் தந்த ஹென்ரிக் ஷோக்ரன் சுவீடனைச் சேர்ந்த கண் மருத்துவர். 1933-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, கண் வறட்சியுள்ள 19 பெண்களைப் பற்றியது. அவர்களில் 13 பேருக்கு மூட்டு அழற்சியும் இருந்ததை அவர் பதிவு செய்தார். வறண்ட கண்ணையும் வறண்ட வாயையும் தனித்தனியாக அவருக்கு முன்பே மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். கண்ணைப் பார்க்க வந்தவர்களிடம் வாயையும் மூட்டையும் விசாரித்து, மூன்றும் ஒரே உடல்நோயின் வெளிப்பாடு என்று காட்டியதே ஷோக்ரனின் பங்களிப்பு. அந்த ஆய்வேட்டுக்குப் போதிய மதிப்பெண் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கான வழி அவருக்கு அடைபட்டது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் 1943-இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகே உலகம் அதைக் கவனித்தது. இன்று ஷோக்ரன் பிறந்த ஜூலை 23-ஐ இந்நோய்க்கான உலக நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அவர் கேட்ட கேள்விகள் மட்டும் இன்னும் எல்லா மருத்துவ அறைகளிலும் கேட்கப்படுவதில்லை.

நோயாளிகளும் தாமாகச் சொல்வதில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 332 ஷோக்ரன் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். வறட்சியைத் தாமே முன்வந்து சொன்னவர்கள் அவர்களில் சிறுபான்மையினரே. வாய் காய்வதை ஒரு நோயாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். கண்ணும் வாயும் வறண்டுவிட்டால் அது ஷோக்ரன் நோய் என்று பொருளாகாது. வறட்சிக்குப் பெரும்பாலும் வேறு காரணங்களே இருக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் தரும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை, அடிக்கடி சிறுநீர் கழிப்பதைக் குறைக்கும் மருந்துகள், சில ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை உமிழ்நீரைக் குறைக்கும். கட்டுப்படாத சர்க்கரை நோயில் வாய் காயும். மூக்கடைப்பால் வாய் திறந்து தூங்குபவர்களுக்கும் காயும். மணிக்கணக்கில் கணினியையோ கைப்பேசியையோ பார்க்கையில் கண் சிமிட்டுவது குறைந்து கண் உலரும். மாதவிடாய் நிற்கும் வயதில் வறட்சி கூடும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும், ஹெபடைடிஸ் சி தொற்று உள்ளவர்களுக்கும் இதே தோற்றம் வரலாம். ஆகவே, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? மருத்துவ உலகம் பயன்படுத்தும் ஐந்து கேள்விகளை வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். மூன்று மாதங்களுக்கு மேலாக, தினமும், தொந்தரவு தரும் அளவுக்குக் கண் வறள்கிறதா? கண்ணில் மணலோ பொடிக்கல்லோ உறுத்தும் உணர்வு திரும்பத் திரும்ப வருகிறதா? செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை நாளுக்கு மூன்று முறைக்கு மேல் விட வேண்டியிருக்கிறதா? மூன்று மாதங்களுக்கு மேலாகத் தினமும் வாய் காய்கிறதா? உலர்ந்த உணவை விழுங்க அடிக்கடி தண்ணீர் தேவைப்படுகிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மேலே விசாரிப்பது நல்லது.

கூடவே வேறு அடையாளங்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஈறையொட்டிப் பல்லின் அடிப்பகுதியில் வேகமாகப் பரவும் சொத்தை, காரம் பட்டாலே எரியும் சிவந்த நாக்கு, வாயோர வெடிப்பு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப் பூஞ்சை ஆகியவை வாயில் தெரிபவை. காதுக்கு முன்னால் கன்னச் சுரப்பி வீங்கும். பார்ப்பதற்குப் பொன்னுக்கு வீங்கி போலவே இருக்கும், ஆனால் வந்து வந்து போகும். குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகலாம். கால்களில் ஊதாப் புள்ளிகள், உள்ளங்கால் எரிச்சல், விடாத வறட்டு இருமல் வரலாம். சிலருக்கு இந்நோய் சிறுநீரகத்தைத் தாக்கி ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். திடீரென ஒரு நாள் கைகால் செயலிழந்து அவசரப் பிரிவுக்கு வந்த பிறகு நோய் வெளிப்பட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011-இல் அமெரிக்க ஓபன் போட்டியிலிருந்து பாதியில் விலகியது இந்த நோயால்தான். வறட்சியைவிட அசதியே ஒருவரை முடக்கிப் போடக்கூடும் என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

இனி சோதனைகள். இந்நோயைத் தனியாக நின்று உறுதி செய்யும் ஒற்றைச் சோதனை கிடையாது. எனவே ஒவ்வொரு சோதனையும் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

கண்ணுக்கு ஷிர்மர் சோதனை. மெல்லிய வடிதாள் பட்டை ஒன்றைக் கீழ் இமையின் ஓரத்தில் மாட்டி ஐந்து நிமிடம் வைப்பார்கள். 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ நனைந்திருந்தால் கண்ணீர் குறைவு என்று பொருள். கண்ணில் சாயம் விட்டு, வறட்சியால் மேற்பரப்பு எவ்வளவு புண்பட்டிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். வாய்க்கு உமிழ்நீர் அளவைச் சோதனை: எதையும் மெல்லாமல் அமைதியாக உட்கார்ந்து, ஊறும் எச்சிலைக் கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 0.1 மில்லி அல்லது அதற்கும் கீழ் என்றால் குறைவு. இந்தச் சோதனைகள் வறட்சி உண்மை என்று நிறுவும். வறட்சியின் காரணத்தைச் சொல்லாது.

காரணத்தைத் தேடுவது ரத்தப் பரிசோதனையும் உதட்டுத் திசுப் பரிசோதனையும். ரத்தத்தில் முக்கியமானது ஆன்டி-ரோ எனப்படும் எதிர்ப்பொருள். ஆய்வக அறிக்கையில் எஸ்எஸ்ஏ என்றும் இருக்கும். பொதுவாக முதலில் எடுக்கப்படும் ஏஎன்ஏ சோதனையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நலமாக இருப்பவர்கள் பலருக்கும் அது குறைந்த அளவில் பாசிட்டிவாக வரும். அறிக்கையைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்ஏ ஃபேக்டர் என்ற சோதனையும் ஷோக்ரன் நோயாளிகள் பலருக்குப் பாசிட்டிவாக வரும். அதனால் முடக்குவாதம் என்று முத்திரை குத்தப்பட்டு, வறட்சி கவனிக்கப்படாமலே போவதுண்டு. இரண்டு நோய்களும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. அழற்சியைக் காட்டும் இரண்டு ரத்தச் சோதனைகளில் ஈஎஸ்ஆர் மிக ஏறியிருந்து, சிஆர்பி சாதாரணமாக இருந்து, ரத்தப் புரதத்தில் குளோபுலின் கூடியிருந்தால் அனுபவமுள்ள மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆன்டி-ரோ நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. இந்நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். அவர்களுக்கு உதட்டுத் திசுப் பரிசோதனை கைகொடுக்கும். கீழ் உதட்டின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்து, கடுகளவு சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிலவற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். லிம்போசைட்டுகள் ஐம்பதோ அதற்கு மேலோ சேர்ந்த கூட்டம், 4 சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று எண்ணுவார்கள். வெளியில் தழும்பு தெரியாது. அரிதாகச் சிலருக்கு உதட்டில் மரமரப்பு தங்கும்.

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2016-இல் ஒரு புள்ளிக் கணக்கை வகுத்தன. ஆன்டி-ரோ பாசிட்டிவுக்கு 3, உதட்டுத் திசுவில் மேற்சொன்ன மாற்றத்துக்கு 3, சாயச் சோதனை, ஷிர்மர், உமிழ்நீர் அளவு ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் ஷோக்ரன் நோய் என்று வகைப்படுத்தலாம். இந்தக் கணக்கிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வறட்சிச் சோதனைகள் மூன்றும் சேர்ந்தாலும் 3-தான். ரத்தமோ திசுவோ தனியாகச் சொன்னாலும் 3-தான். ஒரு சான்று மட்டும் போதாது; எதிர்ப்பு மண்டலத்தின் கைவரிசைக்குச் சான்று இல்லாமல் 4-ஐத் தொடவும் முடியாது. இது ஆராய்ச்சிக்கென வகுத்த அளவுகோல் என்பதால், 3 புள்ளி வந்தவரை மருத்துவர் கைவிட மாட்டார், தொடர்ந்து கவனிப்பார்.

இந்நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. "அப்படியென்றால் இவ்வளவு தேடி என்ன பயன்?" என்று கேட்கலாம். பயன் நிறையவே உண்டு. பற்களை ஃபுளோரைடு கொண்டு காப்பாற்றலாம். கருவிழியில் புண் வராமல் தடுக்கலாம். ஆன்டி-ரோ உள்ள பெண் கருவுற்றால், நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குக் கருவிலேயே இதயத்தின் மின்னோட்டம் தடைபட்டுத் துடிப்பு குறையும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் தொடர்ந்து கண்காணிக்கலாம். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. இந்நோயாளிகளில் நூறில் ஐந்து பேர் அளவுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரலாம். வற்றாமல் நிற்கும் கன்ன வீக்கம், கழுத்துக் கட்டி, காரணமற்ற காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அதையும் காலத்தில் பிடிக்கலாம்.

வறட்சிக்கு நிவாரணமும் இருக்கிறது. பதப்படுத்தும் ரசாயனம் சேராத கண் சொட்டு மருந்து, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான், உமிழ்நீரைத் தூண்டும் பைலோகார்பின், சர்க்கரை இல்லாத சூயிங்கம் எனப் பல வழிகள் உண்டு. மூட்டு வலிக்கு ஹைட்ராக்சி குளோரோகுயின் தருவார்கள். நுரையீரல், நரம்பு போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டால் ஸ்டீராய்டும் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்துகளும் தேவைப்படும். விளக்கெண்ணெயையும் தாய்ப்பாலையும் கண்ணில் விடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். வறண்ட கண்ணில் தொற்று எளிதில் ஏறும்.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு தாளை எடுத்து, கண், வாய், பல், மூட்டு, தோல், அசதி என்று எல்லாவற்றையும், எப்போதிலிருந்து என்பதோடு எழுதுங்கள். மாத்திரை அட்டைகளையும் பழைய அறிக்கைகளையும் சேர்த்து ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணரிடம் காட்டுங்கள். "இதையெல்லாம் போய்ச் சொல்வதா" என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண் மருத்துவர், "பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா?" என்று ஒருமுறை கேட்கலாம். பல் மருத்துவர், "கண் உறுத்துகிறதா?" என்று கேட்கலாம். அரை நிமிடம்கூட ஆகாத கேள்விகள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கண் மருத்துவர் அவற்றைக் கேட்டதால்தான் இந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. நம் வீட்டுப் பெண்களின் பல வருடத் தவிப்புக்கும் ஒரு பெயர் கிடைக்கட்டும்.