மலைக்குச் சாதி இல்லையாம்!

"மலை ஏறும்போது யாரும் சாதி பார்ப்பதில்லை." விடுமுறை நாளில் மலையேற்றக் குழுக்களோடு போய்வரும் மாணவத் தோழர்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஒரே பாட்டில் தண்ணீர், ஒரே பொட்டலம் புளிசாதம், வழுக்கும் இடத்தில் கைகொடுக்கப் பெயர் தெரியாத ஒருவர். அந்த ஒருநாள் தோழமை நல்லதுதான். அதை வைத்துக்கொண்டு "இயற்கையின் முன் எல்லோரும் சமம்" என்று முடிக்கும்போதுதான் பொய் தொடங்குகிறது. காலுக்குக் கீழே கிடக்கும் பாதை யாருடைய உழைப்பு என்று கேட்காதவர்களுக்குத்தான் மலை சாதியற்றதாகத் தெரியும்.

போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கும் குரங்கணியையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து காட்டுச் சரிவில் ஏறி, சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷன் போவது ஒருநாள் நடைக்குப் பேர்போன வழி. மலைக்காட்டில் 'ஸ்டேஷன்' எங்கிருந்து வந்தது? மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு வரும். 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்வரை அதற்கென்று ஒரு சிறு ரயிலே ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி, தூத்துக்குடி, கப்பல், இங்கிலாந்து. நீங்கள் செல்ஃபி எடுத்துப் பதிவிடும் ஊர்ப்பெயர், கம்பெனி சரக்கு இறக்கிய இடத்தின் பெயர்.

தேயிலை கம்பியில் இறங்கியது. அதைப் பறித்தவர்கள் காலால் ஏறினார்கள். 1877-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் இந்த மலைகளை எழுதி வாங்கினார். அங்கே ஏற்கெனவே முதுவர் பழங்குடிகள் வாழ்ந்தார்கள் என்பது அந்தப் பத்திரத்துக்குப் பொருட்டே இல்லை. காட்டை அழித்துத் தோட்டம் போட ஆள் தேவைப்பட்டது. தென் தமிழகத்துச் சேரிகளுக்குக் கங்காணிகள் வந்தார்கள், முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். ஊரில் பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும். மலையில் குளிரும் காய்ச்சலும், அடைத்தாலும் தீராத கடன் கணக்கும். போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்றும் மூணாறு லயங்களில் இருக்கிறார்கள்.

எதற்குச் சொந்தக்காரர்களாக? எதற்கும் இல்லை. கேரளத்தின் நிலச்சீர்திருத்தத்தை மேடைக்கு மேடை புகழ்கிறோம். அந்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது என்பதை எந்த மேடையில் பேசினோம்? உழுதவனுக்கு நிலம் என்ற முழக்கம், கொழுந்து பறித்தவள் வாசலுக்கு வரவே இல்லை. வேலை இருக்கும்வரை லயத்தில் ஒரு அறை. ஓய்வுபெற்றால் அதையும் காலி செய்ய வேண்டும். 2015 செப்டம்பரில் இந்தப் பெண்கள் 'பெண்பிளை ஒருமை' என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறையே நிறுத்தினார்கள். போனஸ் கிடைத்தது. நிலம் கிடைக்கவில்லை.

சாவிலாவது சமமா என்று பாருங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடே அழுதது. விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்குப் புதிய விதிகள் வந்தன. எல்லாம் சரி, வேண்டியதுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் செத்தார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு 5 லட்சம். பாதி! முதலமைச்சர் கோழிக்கோட்டுக்கு உடனே போனார். பெட்டிமுடிக்குப் போக ஒரு வாரம் ஆனது. மலைக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம். நிவாரணப் பட்டியலுக்கு நன்றாகத் தெரியும்.

"அப்படியானால் மலையேறுவதே தப்பா, அது மேல்தட்டுப் பொழுதுபோக்கா?" என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: இல்லை. நம் பாட்டிமார் சுமையோடும் கைக்குழந்தையோடும் ஏறிய சரிவில், சுமை இல்லாமல், நின்று காற்று வாங்கி, சிரித்துக்கொண்டே ஏறுவது நம் உரிமை. ஓய்வும் அழகும் யாருடைய பரம்பரைச் சொத்தும் அல்ல. அனுமதி வாங்குங்கள், கோடைத்தீ காலத்தைத் தவிருங்கள், போய் வாருங்கள்.

ஆனால் விருந்தாளியாகப் போகாதீர்கள், வாரிசாகப் போங்கள். லயத்து வாசலில் காயும் துணியைப் படம் பிடிக்காதீர்கள். அவர்கள் உங்கள் காட்சிப்பொருள் அல்ல. டீ குடிக்க உட்கார்ந்தால் "வியூ பாயின்ட் எங்கே?" என்பதற்கு முன்னால், "அக்கா, ரிட்டையர் ஆனதும் எங்கே போவீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கீழே கொண்டுவந்து கல்லூரியில், வாசகர் வட்டத்தில், சங்கக் கூட்டத்தில் வையுங்கள். தோட்டத் தொழிலாளருக்கு வீட்டுமனையும் நிலப்பட்டாவும் என்ற கோரிக்கை மூணாறில் மட்டும் ஒலித்தால் போதாது. அந்த மக்கள் கிளம்பிய தமிழ்நாட்டிலும் ஒலிக்க வேண்டும்.

மலையில் குப்பை போடாதே, வந்த சுவடு தெரியாமல் திரும்பு என்று வழிகாட்டி சொல்லுவார். குப்பை விஷயத்தில் அதைக் கேளுங்கள். நூறு ஆண்டுக்கு மேல் அந்த மலையில் உழைத்தும் ஒரு சர்வே எண்ணில்கூடப் பெயர் ஏறாத மக்களின் பிள்ளைகளுக்கு அந்த அறிவுரை வேண்டாம். நாம் அங்கே பெயர் பதிக்க வேண்டியவர்கள். பாறையில் அல்ல, பட்டாவில்.