வண்டி ஓடாத நாளுக்கு அபராதம் எதற்கு?

வேலைக்காக வெளிநாடு போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சம்பளத்தை நிறுத்தி வைக்கும் முதலாளி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்ளும் மேற்பார்வையாளன், காசை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் ஏஜண்டு, இவர்களைக் கண்டித்துக் கூட்டம் போட்டிருக்கிறோம், மனுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் வேலைக்குப் போகாமல், மகளின் பிரசவத்துக்குத் துணையாகவும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் போன தாய் தகப்பன்மாரைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அவர்கள் தொழிலாளர் கணக்கில் வருவதில்லை, சுற்றுலா போகும் பணக்காரர் கணக்கிலும் வருவதில்லை. 2020-ஆம் ஆண்டின் கொரோனாக் காலம் இந்த உண்மையைச் செவிட்டில் அறைந்தாற்போல் நமக்குச் சொல்லிற்று.

தாராவியிலும் செம்பூரிலும் பிள்ளைகள் துபாய், மஸ்கட், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போயிருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அங்கிருந்து பார்வையாளர் விசா வரும். அம்மா கருப்பட்டியும் பிரசவ மருந்துச் சாமானும் கட்டிக்கொண்டு விமானம் ஏறுவாள். ஒரு மாதமோ மூன்று மாதமோ தங்கித் திரும்புவாள். இதில் குற்றம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் 2020 மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவில் இறங்க அரசு தடை போட்டது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. விமானம் நின்றுவிட்டது. விசாவில் போட்டிருந்த தேதி மட்டும் நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்பு என்று ஒரு அரசாங்கம் சொல்கிறது. உள்ளே வராதே என்று இன்னொரு அரசாங்கம், அதுவும் சொந்த அரசாங்கம், சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவள் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய். இதற்கு யார் பொறுப்பு?

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நியாயம்

நாடுகள் அப்போது நடந்துகொண்ட விதத்தைப் பார்ப்போம். ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஏப்ரலில் ஒரு நல்ல அறிவிப்பைச் செய்தது. மார்ச் 1-க்குப் பின் காலாவதியான விசாக்கள் டிசம்பர் முடிய செல்லும் என்றது. நம் ஜனங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஜூலையில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பார்வையாளர்கள் ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்றானது. பிறகு ஆகஸ்டில் இன்னொரு மாதம் தவணை கொடுத்தார்கள். டிசம்பர் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் கதி என்ன? வழக்கமான விமானப் போக்குவரத்து அப்போதும் திறக்கவில்லை. சுற்றுலா விசாவில் வந்து தவணை தாண்டித் தங்கியவருக்கு அந்நாளில் அங்கே அபராதம் முதல் நாளுக்கு 200 திர்ஹாம், அடுத்த ஒவ்வொரு நாளுக்கும் 100 திர்ஹாம். ஒரு மாதம் தாண்டினால் மூவாயிரம் திர்ஹாமுக்கு மேல். நம் பணத்தில் அறுபதாயிரம் ரூபாய்! தோல் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் தவணையை மார்ச் 31, மே 31, ஜூலை 31 என்று படிப்படியாகத் தள்ளி, கடைசியில் ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தந்தது. அமெரிக்காவோ எல்லோருக்கும் பொதுவாகத் தவணை நீட்டவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பம் போட வேண்டும், கட்டணம் 370 டாலர், கைரேகைக்கு 85 டாலர், அதுவும் தங்கும் தேதி முடிவதற்கு முன்பே. மலேசியாவில் தவணை கடந்த பார்வையாளர்கள், கட்டுப்பாடு நீங்கியபின் அபராதமின்றி வெளியேறலாம் என்று சலுகை இருந்தது. ஆனால் அதே நாட்டில் 2020 மே 1 அன்று, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், முள்வேலி போட்டு அடைத்திருந்த கட்டிடங்களுக்குள் புகுந்து பத்திரமில்லாத அயல்நாட்டுத் தொழிலாளரைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப் போனார்கள்.

ஆக, ஒரே நோய், ஒரே விமானத் தடை. ஆனால் ஒருத்திக்கு மன்னிப்பு, ஒருத்திக்கு விண்ணப்பக் கட்டணம், ஒருத்திக்கு அபராதம். எந்த விமான நிலையத்தில் இறங்கினாள் என்பதுதான் வித்தியாசம். இதற்குப் பெயர் சட்டமா, அதிர்ஷ்டச் சீட்டா?

நம் அரசு என்ன செய்தது?

இங்கே மாட்டிக்கொண்ட அயல்நாட்டவர் விஷயத்தில் இந்திய அரசு முறையாகவே நடந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுடைய விசாவைக் கட்டணமில்லாமல் நீட்டித்தது. ஆனாலும் மாதா மாதம் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2021 ஜூன் 4 அன்றுதான் உள்துறை அமைச்சகம் தெளிவாகச் சொன்னது: 2020 மார்ச்சுக்கு முன் வந்து மாட்டிக்கொண்டவர்களின் விசா ஆகஸ்ட் 31 வரை செல்லும், விண்ணப்பமும் வேண்டாம், அபராதமும் இல்லை. இது சரியான முடிவு. ஆனால் இந்தச் சரியான முடிவை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அயல்நாட்டாருக்கு நாம் கொடுத்த இந்த நியாயத்தை, அயல்நாட்டில் தவிக்கும் நம் தாய்மாருக்கும் கொடுங்கள் என்று உரத்துக் கேட்டுப் பெற முடியாதா? இதுதான் நம் கேள்வி.

வந்தே பாரத் விமானங்கள் 2020 மே 7 அன்று தொடங்கின. விசா தவணை முடியும் நிலையில் உள்ள குறுகிய காலப் பயணிகளுக்கும், முதியோருக்கும், கர்ப்பிணிகளுக்கும் முன்னுரிமை என்று அரசின் விதிமுறையிலேயே எழுதியிருந்தது. நல்லது. ஆனால் செலவு பயணியுடையது என்றும் அதே விதிமுறையில் எழுதியிருந்தது. வளைகுடாவிலிருந்து சுமார் 15,000 ரூபாய், லண்டனிலிருந்து 50,000, அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம். இறங்கியபின் தனிமைப்படுத்தும் விடுதிக்கும் கைக்காசு. திரும்பி வரும் டிக்கெட்டை முன்பே எடுத்திருந்தவர்களுக்குப் பழைய பணம் உடனே கைக்கு வரவில்லை. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்றுதான் தீர்ப்பளித்தது. அதுவரை ஒரே பயணத்துக்கு இரண்டு டிக்கெட் விலை.

இதில் நம்மைப் போன்ற மும்பைத் தமிழருக்குத் தனி வேதனை ஒன்று உண்டு. விமானங்களைப் பயணியின் மாநிலம் பார்த்துப் பிரித்தார்கள். நம் மாநிலம் எது? பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி விலாசம், குடியிருப்பது தாராவியில். சென்னையில் இறங்கினால் மும்பைக்கு வழக்கமான ரயில் கிடையாது. மும்பையில் இறங்கினால் திருநெல்வேலி போக இ-பாஸ் வேண்டும். அந்த மே மாதத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள் என்றாலே சொந்த ஜில்லாவின் எல்லையிலேயே நிறுத்தினார்கள். விசா இல்லாத நாட்டுக்குள்ளேயே நமக்கு இந்த நிலை என்றால், விசா வேண்டிய நாட்டில் மாட்டிய தாய்க்கு யார் பேசுவார்?

ரயில்வேயின் பாடம்

நான் ரயில்வேயில் குமாஸ்தா. எங்கள் இலாகாவைப் புகழ்ந்து பேசுவது என் வழக்கமல்ல. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் பயணிகள் வண்டிகளை நிறுத்தியபோது, ரத்தான வண்டிக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று ரயில்வே அறிவித்தது. கவுண்டரில் எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவை மூன்று மாதம், ஆறு மாதம், பிறகு ஒன்பது மாதம் என்று நீட்டித்தது. காரணம் எளிது. வண்டியை நிறுத்தியது ரயில்வே, பயணி அல்ல. நிறுத்தியவன் பொறுப்பேற்க வேண்டும். வண்டி ஓடாத நாளுக்குப் பயணியிடம் அபராதம் வாங்குவது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

இதே நியாயம் விசாவுக்கும் பொருந்தும். தங்கும் தேதி என்பது, அந்தத் தேதிக்குள் திரும்ப வழி இருக்கிறது என்ற உத்தரவாதத்தின் மேல் நிற்பது. அரசாங்கங்களே வழியை அடைத்தால், அடைத்த நாள் முதல் தேதியும் நிற்க வேண்டும். இது கருணை அல்ல, கணக்கு.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. எந்த நாட்டுக்கும் தன் எல்லைக்குள் யார் இருக்கலாம் என்று தீர்மானிக்க உரிமை இல்லையா என்பார்கள். உண்டு, யாரும் மறுக்கவில்லை. தன்னிஷ்டத்துக்குத் தங்கியவனையும் போக வழியில்லாமல் நின்றவளையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்பதே நம் வாதம். இன்னொன்றும் சொல்வார்கள்: பார்வையாளர் விசாவில் போய் வேலை தேடுகிறவர்கள் பலர், அவர்களுக்கெல்லாம் சலுகையா என்று. நம் பையன்கள் சிலர் அப்படிப் போவது உண்மைதான். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவனை அந்த வழியில் அனுப்பிக் காசு பார்த்த ஏஜண்டு இங்கே சுகமாக இருக்கிறான். பையனுக்கு அபராதம் போட்டால் ஏஜண்டு திருந்திவிடுவானா?

வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், வேலைக்காக வெளியே போகிறவனை மட்டுமே குடிபெயர்வோன் என்று கணக்கில் எடுத்தது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற பத்து லட்ச ரூபாய் காப்பீடும் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் தொழிலாளருக்கு ஏற்பட்டது. பார்வையாளராகப் போகும் தாய்க்கு அதில் இடமில்லை. 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கருத்துச் சொன்ன நம் சங்கங்கள் எத்தனை? நாம் வாயைத் திறக்காவிட்டால் நமக்காக யாரும் எழுத மாட்டார்கள்.

தமிழனுக்கு இது புதிதல்ல. 1964-இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரை இரண்டு பிரதமர்கள் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதத்தில் எண்ணாகிப் போனவனின் வலி நம் பரம்பரைக்குத் தெரியும்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: நோய், போர், இயற்கைச் சீற்றம் காரணமாக அரசுகளே போக்குவரத்தை நிறுத்தினால், வழக்கமான போக்குவரத்து தொடங்கிய பிறகு 30 நாள் வரை பார்வையாளர் விசா தானாகவே நீள வேண்டும். விண்ணப்பம், கட்டணம், அபராதம் எதுவும் கூடாது. நம் மக்கள் அதிகம் போகும் நாடுகளோடு இதை ஒப்பந்தமாக எழுத வேண்டும். நம் நாட்டின் வழக்கமான வெளிநாட்டு விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் 27-இல் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு வருஷம்!

இரண்டு: ஒரு முறை கொடுத்த தவணையை இடையில் குறைக்கக் கூடாது என்று நம் தூதரகங்கள் வாதாட வேண்டும்.

மூன்று: இந்தியச் சமூக நல நிதி 2009-இல் ஏற்படுத்தப்பட்டது. தூதரகச் சேவைகளுக்கு நம் மக்கள் கட்டும் பணத்திலிருந்துதான் அது சேருகிறது. வசதியில்லாத முதியோரின் டிக்கெட்டையும் அபராதத்தையும் அந்த நிதியே தாங்க வேண்டும்.

நான்கு: அறிவிப்புகள் தமிழிலும் வர வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரி மாறினால் அறுபதாயிரம் ரூபாய் போய்விடுகிற விஷயம் இது.

ஐந்து: தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்குத் துறையும் வாரியமும் இருக்கின்றன. மகாராஷ்டிர அரசோடு பேசி, இரண்டு மாநிலத்துக்கும் இடையில் நிற்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு பொது ஏற்பாட்டை இப்போதே செய்து வைக்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. விசாவில் இருக்கும் தேதி வேறு, தங்க அனுமதித்த தேதி வேறு. பல நாடுகளில் இரண்டாவதுதான் கணக்கு. அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தவணை நீட்ட வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பியுங்கள். விமானம் ரத்தானால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. பாஸ்போர்ட் பக்கங்களின் நகல் ஒன்று மும்பை வீட்டிலும் இருக்கட்டும். சிக்கல் வந்தால் தூதரகத்திலும், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்னும் குறைதீர் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பதிவு எண்ணை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது சங்கத்தில் இருக்கும் படித்த பிள்ளைகளின் கடமை.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபின் கொடி பிடிப்பதைவிட, வருமுன் சட்டம் எழுத வைப்பதே சங்கத்துக்கு அழகு. மாட்டுங்கா லேபர் கேம்ப் முதல் செம்பூர் வரை ஒவ்வொரு கிளையும் இந்த ஐந்து கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, தத்தம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்ற மகளுக்குப் பத்தியச் சோறு பொங்கிப் போடப் போன தாய், எந்த நாட்டிலும் குற்றவாளியாக நிற்கக் கூடாது.