பத்து மணியும் முப்பத்து மூன்று மணியும்

2012-ஆம் ஆண்டில் ஜெர்மன் டெய்ம்லர் கம்பெனியார் ஒரகடத்தில் லாரித் தொழிற்சாலை திறந்தது முதல், ஸ்டுட்கார்ட் என்னும் ஊரின் பெயர் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் செங்கற்பட்டைப் போல் சர்வ சாதாரணமாக வழங்கி வருகிறது. நம் நண்பர் ஒருவருடைய குமாரனும் அங்கே உத்தியோகமாகப் போனான். போகும்போது, "கவலைப்படாதே, அம்மா! பத்து மணி நேரத்தில் வந்து நிற்பேன்" என்று தைரியம் சொன்னான்.

பையன் சொன்ன கணக்கு பொய்யன்று. பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, சென்னைக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பாரசீகத்தின் மேலாகக் காஸ்பியன் கடலோரத்தைத் தொட்டுச் செல்லும். அதன் நீளம் ஏறக்குறைய 7,600 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எட்டரை மணி போதும். ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று வீசுகிறது. எதிர்த்துப் போகும் விமானத்துக்குச் சுமார் பத்து மணி பிடிக்கும். திரும்பி வரும்போது அதே காற்று துணை செய்து, ஒரு மணியை மிச்சப்படுத்திக் கொடுக்கும். வழியிலுள்ள நாடு ஒன்று தன் ஆகாயத்தை மூடிவிட்டாலோ, நூல் வளைந்துவிடும். 2025 ஜூனில் ஈரான் அவ்விதம் மூடியபோது, ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானங்கள் பல சுற்றிச் சென்றன.

கடிகாரமும் நம்மை ஏமாற்றும். குளிர்காலத்தில் ஜெர்மனியின் நேரம் நம்முடையதற்கு நாலரை மணி பின்தங்கியது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மீனம்பாக்கத்தில் ஏறியவன், அங்கே காலை ஏழரைக்கு இறங்குவான். ஐந்தரை மணிப் பிரயாணம் போல் தோன்றும்!

சென்ற மாரியில் அந்தத் தாயாருக்குத் திடீரென்று மார்வலி கண்டது. செய்தி எட்டியபோது அன்றைய விமானம் புறப்பட்டுப் போயிருந்தது. ஆகாய விமானம் நகரப் பேருந்தன்று, அடுத்ததில் ஏறிக்கொள்ள. மறு நாள் வரையில் காத்திருப்பு, ஸ்டுட்கார்ட்டிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 200 கிலோமீட்டர், பறப்பு, பரிசோதனை வரிசைகள், மீனம்பாக்கத்திலிருந்து கனரக லாரிகளுக்கிடையே ஒரகடம் வரையில் ஊர்ந்து வந்த சாலை. பையன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது 33 மணி நேரம் கழிந்திருந்தது.

தெய்வாதீனமாகத் தாயார் பிழைத்துக் கொண்டார். மகனைக் கண்டதும், "பத்து மணி என்றாயே, அப்பா!" என்றாராம். அவன் பதில் சொல்லாமல் அழுதான்.

பிள்ளைகளைத் தூர தேசம் அனுப்பும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரையில் எண்ணுங்கள். அந்த இடைவெளியில் ஓடிவரக்கூடிய அண்டை வீட்டார் யார் என்பதையும் இன்றே தீர்மானித்து வையுங்கள். அந்தத் தாயாரை உரிய வேளையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் எதிர்வீட்டுக்காரர்தாம்.