பெட்டியை மாற்றினால் பாட்டு மாறுமா?

நம் வட்டாரத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பலர் வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கி வைத்துப் பாட்டு கேட்கிறார்கள். ஷிப்ட் பார்த்த காலத்தில் தீராத ஆசை, இப்போது தீர்த்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்களிடையே ஒரு பேச்சு பரவி வருகிறது. இணையத்திலிருந்து பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி இருக்கிறதே, ஸ்ட்ரீமர், அதன் விலை ஏற ஏறப் பாட்டும் இனிக்குமாம். மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியில் மதுரை சோமு எங்கோ தூரத்தில் பாடுகிறாராம். எண்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் எதிரே உட்கார்ந்து பாடுகிறாராம்.

இது வெறும் கதை என்பது என் கட்சி. மின்பராமரிப்பில் காலம் தள்ளியவன் என்பதால் காரணத்தோடு சொல்கிறேன்.

தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால் நம் வயதினருக்கு அது மறக்குமா? தந்திச் சேவகர் புது சைக்கிளில் வந்தாலும், நடந்தே வந்தாலும், தாளில் இருந்த வாசகம் ஒன்றுதான். ஸ்ட்ரீமர் செய்வதும் அந்தச் சேவகர் வேலைதான். சி.டி. தரத்தில் ஒரு நொடிப் பாட்டு என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 எண்கள். வழியில் ஒரு கட்டு எண் கெட்டுப்போனால் வலையமைப்பு அதைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடும். ஆப்டிகல் கேபிளிலோ யு.எஸ்.பி.யிலோ அந்த எண்களை ஆம்ப்ளிஃபயருக்கு அப்படியே கொடுத்தால், பெட்டியின் வேலை அங்கே முடிந்தது. எண்ணை ஒலியாக்குவது டி.ஏ.சி. என்னும் பகுதி. அது உங்கள் ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்குமானால், ஸ்ட்ரீமருக்குக் கொட்டிக் கொடுத்த பணம் அதன் அலுமினியக் கூட்டுக்குத்தான்.

"எண் சரிதான் ஐயா, வந்து சேரும் நேரம் பிசகினால்?" என்று கேட்பார்கள். ஜிட்டர் என்று அதற்குப் பெயரும் உண்டு. ஒழுங்காகச் செய்த டி.ஏ.சி. வந்த எண்களைச் சற்றுத் தேக்கி வைத்துத் தன் கடிகாரத்துக்கு வரிசைப்படுத்தித்தான் விடும். மிச்சமிருக்கும் பிசகு கருவியில் தெரியும், காதுக்கு எட்டாது.

கருவியால் வித்தியாசம் வருவதே இல்லையா என்றால், வருகிற இடங்களும் உண்டு. புளூடூத் வழியாக அனுப்பினால் பாட்டு மறுபடியும் சுருக்கப்படுகிறது. பழைய செல்போனின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் இழுத்தால் இரைச்சல் சேரலாம். செயலியில் தரத்தைக் குறைத்து வைத்திருந்தால் பாட்டும் குறைந்தேதான் வரும். இதற்கெல்லாம் மருந்து ஒரு சாதாரண கேபிளும் செட்டிங்கில் ஒரு தட்டும்தான்.

பின்னால் "உம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்டால் பலரும் பெட்டியைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் அது எர்த் கோளாறு. இரண்டு கருவிகளுக்கு இரண்டு மூலையில் பிளக் கொடுத்திருப்பீர்கள். அல்லது கேபிள் டி.வி. வயர் வழியாக வரும். எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். டி.வி. வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் போகிறதென்று எர்த் முள்ளை மட்டும் வெட்டிவிடாதீர்கள். உயிர் போகிற விஷயம் அது.

"நான் என் காதால் கேட்டேனே" என்பார்கள். கேட்டிருப்பார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டில் எது துளி சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லதாகப் படும். விலைச்சீட்டு கண்ணில் பட்டாலும் அப்படித்தான். 2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒரு பக்கம், அதையே சி.டி. தரத்துக்கு இறக்கியது மறுபக்கம். எது எது என்று சொல்லாமல் 554 முறை கேட்கவைத்தார்கள். சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். இரண்டு தரத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரே எண்ணைத் தூக்கி வரும் இரண்டு பெட்டிக்கு என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது?

வீட்டிலேயே பார்க்கலாம். சத்தத்தைச் சமமாக வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளையை மறைவாகப் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். 16 முறையில் 12 சரியாக வந்தால் உங்கள் கட்சிக்கு வலு உண்டு. அதற்குக் குறைந்தால் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நாம் கேட்கிற பாட்டையும் நினைத்துப் பாருங்கள். 1944இல் வந்த 'ஹரிதாஸ்' பாட்டில் அன்றைய மைக்கும் படச்சுருளும் பிடித்த அளவுதான் ஒலி இருக்கிறது. பிடிக்காததை எந்தப் பெட்டி கொண்டுவந்து கொடுக்கும்? பாகவதர் குரல் அப்படியே போதும், நமக்கு.

உண்மையாகவே ஒலியை மாற்றுபவை இரண்டு. ஒன்று, ஹால். மொசைக் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் ஒலி முட்டித் திரும்பி, பாட்டு குழம்பும். ஒரு ஜமுக்காளம், கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி இவை செய்வதை எந்த ஸ்ட்ரீமரும் செய்யாது. ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி முன்னே இழுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, காது. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருட்டாலையிலும் உலையிலும் பிரஸ் ஷாப்பிலும் நின்றவர்கள் நாம். காதடைப்பான் கொடுத்தால் பாக்கெட்டில் வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! ஆலைச் சத்தம் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை. வயதோ அதற்கும் மேலே இருப்பதிலிருந்து அரித்துக்கொண்டு வரும். ஜால்ராவின் கிணுகிணுப்பு மங்குகிறது, பாட்டில் வார்த்தை தெளிவில்லை, டி.வி.யில் என்ன சொன்னான் என்று வீட்டாரைக் கேட்கவேண்டியிருக்கிறது. இந்தக் குறையைத்தான் பெட்டி விற்கிறவர்கள் காசாக்குகிறார்கள்.

எண்பதாயிரம் கொடுக்கத் தயாராக இருக்கும் மனிதர், காது மெஷின் என்றால் மட்டும் "எனக்கென்ன செவிடா?" என்று சீறுகிறார். கண்ணுக்குக் கண்ணாடி போட வெட்கப்படாதவர்களுக்குக் காதில் மட்டும் என்ன வெட்கம்? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஓர் ஆடியோகிராம் எடுங்கள். சற்று நேர வேலைதான். அந்தத் தாளைப் பார்த்த பிறகும் பெட்டி வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு முன் கிராஜுவிட்டிப் பணத்தைத் தொடாதீர்கள்.